ஆக்டரின் கிரீன் ரூமில்

சென்னையில் கார் வைத்திருக்கிற பலருடைய செல்போனில் ‘ஆக்டிங் டிரைவர்’ என்ற பெயரில் ஒரு நம்பர் இருக்கும். வழக்கமான டிரைவர் ஊருக்குப் போயிருக்கிறார், நாளைக்கு விடிகாலையில் கும்பகோணத்தில் முகூர்த்தம் என்றால் அந்த நம்பரைத்தான் கூப்பிடுவார்கள். வெளிமாநிலத்திலிருந்து புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கேட்டதும் முழிப்பார்கள். டிரைவராக நடிக்கிறவரா? நிஜமாகவே ஓட்டத் தெரியுமா? ஒருவருடைய இடத்தில் தற்காலிகமாக வேலை பார்க்கிறவர் என்பது அப்புறம்தான் புரியும்.

இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. ‘ஆக்டர்’ என்ற ஆங்கிலச் சொல் லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதன் வேர் ‘அகெரே’ என்ற வினைச்சொல். அதன் ஆதிப் பொருள் என்ன தெரியுமா? ஓட்டுவது! மாட்டை ஓட்டுவது, ஆட்டை ஓட்டுவது. மந்தை ஓட்டிப் போகிறவனையும் லத்தீனில் ‘ஆக்டர்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் வேர்வரைக்கும் தோண்டிப் பார்த்தால் ஆக்டிங் டிரைவர் என்பவர் ஓட்டுகிற ஓட்டுநர்! ஈராயிரம் வருஷம் சுற்றிவிட்டு, யாரும் திட்டம் போடாமலே, அண்ணாநகரில் வந்து அந்தச் சொல் தன் பிறந்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சொல்மேல் பைத்தியமே பிடித்துவிட்டது. விளக்கு வெளிச்சத்தில் நிற்கிற ஆக்டரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தச் சொல் வேஷம் கட்டிக்கொண்ட அறை எப்படி இருந்தது? வாருங்கள், படுதாவை விலக்கி எட்டிப் பார்த்துவிடலாம்.

ஓட்டுவதில் தொடங்கிய ‘அகெரே’, நடத்துவது, செய்வது என்று பெருகியது. ஏஜென்ட், அஜெண்டா, ஆக்‌ஷன், ரியாக்‌ஷன் எல்லாம் அது பெற்ற பிள்ளைகள். காரியத்தை முன்நின்று செய்கிற எவரும் ரோமில் ஆக்டர்தான். பண்ணையின் வரவு செலவைப் பார்க்கிற காரியஸ்தர் ஆக்டர். நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிற வாதியும் ஆக்டர். எதிரே நிற்கிற பிரதிவாதிக்குப் பெயர் ‘ரெயுஸ்’. மேடையில் வேஷம் கட்டுகிறவருக்கும் இந்தப் பெயர் உண்டு, ஆனால் வரிசையில் ஓரமாக.

கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமில் ஒரு வழக்கு நடந்தது. ரோசியஸ் என்று ஒரு நகைச்சுவை நடிகர். நடிகர் என்றால் சாதாரண நடிகர் இல்லை. எந்தத் தொழிலிலும் ஒருவர் உச்சத்துக்குப் போய்விட்டால் ‘அவர் தன் துறையில் ரோசியஸ்’ என்று சொல்கிற அளவுக்குப் பெயர். சர்வாதிகாரி சுல்லா அவருக்குத் தங்க மோதிரமே கொடுத்துக் கௌரவித்தார். ரோமின் தலைசிறந்த பேச்சாளர் சிசரோவும் அவரும் நண்பர்கள். இரண்டு பேரும் தங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொள்வார்களாம்: ஒரே கருத்தை சிசரோ எத்தனை விதமான வாக்கியங்களில் சொல்கிறார், ரோசியஸ் அதையே எத்தனை விதமான அபிநயத்தில் காட்டுகிறார் என்று. அந்த அறையில் ஒரு மூலையில் உட்கார இடம் கிடைத்திருந்தால்!

வழக்கு இதுதான். ஃபான்னியஸ் என்பவரிடம் பனுர்கஸ் என்று ஓர் அடிமை இருந்தான். அவனை ரோசியஸிடம் கொடுத்து, நடிப்புக் கற்றுக்கொடு, வருகிற வருமானத்தில் ஆளுக்குப் பாதி என்று கூட்டு வைத்துக்கொண்டார் ஃபான்னியஸ். ரோசியஸின் மாணவன் என்ற பேருக்காகவே ஜனங்கள் பனுர்கஸைக் கொண்டாடத் தொடங்கினார்கள். அந்த நேரத்தில் ஃபிளாவியஸ் என்ற ஒருவன் அவனைக் கொன்றுவிட்டான். நஷ்டஈடாக ரோசியஸுக்கு ஒரு நிலம் வந்தது. அதில் என் பங்கு எங்கே என்று ஃபான்னியஸ் கோர்ட்டுக்குப் போனார். ரோசியஸுக்காக வாதாட எழுந்தவர் சிசரோ.

இப்போது அந்தக் கோர்ட்டை மனதில் நிறுத்திப் பாருங்கள். ரோமாபுரியின் ஆகப் பெரிய ஆக்டர் அங்கே நிற்கிறார். சட்டத்தின் கணக்குப்படியோ அவர் ரெயுஸ். எதிரே வழக்குப் போட்ட ஃபான்னியஸ்தான் ‘ஆக்டர்’! மேடைப் பக்கமே போகாத ஒருவர் அந்தப் பட்டத்தோடு நிற்க, மேடையே மூச்சாக வாழ்ந்தவர் அது இல்லாமல் நிற்கிறார்.

சிசரோவின் அந்தப் பேச்சு தலையும் வாலும் இல்லாமல்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் நடுவில் தப்பிய பகுதியில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. பனுர்கஸின் உடம்பு ஃபான்னியஸுடையது, அவனுடைய பயிற்சி ரோசியஸுடையது என்று சிசரோ பிரிக்கிறார். வெறும் உடம்பு நாலாயிரம் செஸ்டர்ஸ்கூடப் பெறாது, பயிற்சி பெற்ற நடிகனோ லட்சத்துக்கு மேல் என்று விலை போட்டுக் காட்டுகிறார். ஒரு மனிதனை இப்படிக் கூறு போட்டுப் பேசுவதைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. அதே சமயம், நடிப்பு என்பது பிறவியிலேயே ஒட்டிக்கொண்டு வருவதில்லை, கற்று உழைத்துச் சம்பாதிக்கிற சொத்து என்று ஒரு நீதிமன்றத்தில் நின்று சொன்ன பழைய சாட்சியங்களில் இது ஒன்று. பனுர்கஸின் முகம் நமக்குத் தெரியாது. அவன் தொழிலின் விலை மட்டும் பதிவாகியிருக்கிறது.

மேடைக்காரர்களுக்கு ரோமில் புழங்கிய இன்னொரு பெயர் ‘ஹிஸ்ட்ரியோ’. எட்ருஸ்கன் மொழியில் ஆட்டக்காரனைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் லிவி. பணம் கொட்டலாம், புகழ் கொட்டலாம். ஆனால் சட்டத்தின் முன்னால் அவர்கள் மரியாதை இழந்தவர்கள். அரசுப் பதவிக்கு வர முடியாது. ரோசியஸுக்குக் கிடைத்த தங்க மோதிரம் அபூர்வமான விதிவிலக்கு.

லிவி சொல்கிற இன்னொரு சங்கதியைச் சொல்லாமல் இங்கிருந்து நகர எனக்கு மனசு வராது. லிவியஸ் ஆண்ட்ரோனிகஸ் என்று ஒரு நாடகாசிரியர், கி.மு. மூன்றாம் நூற்றாண்டு. தான் எழுதிய நாடகத்தில் தானே பாடி ஆடுவார். ஜனங்கள் விடவில்லை. ஒன்ஸ்மோர்! இன்னொரு ஒன்ஸ்மோர்! தொண்டை கட்டிவிட்டது. அவர் அனுமதி கேட்டு, குழல்காரருக்கு முன்னால் ஒரு பையனை நிறுத்திப் பாடவைத்தார். தான் பாட்டுக்கு ஏற்ப அபிநயம் மட்டும் பிடித்தார். குரலைப் பற்றிய கவலை இல்லாததால் ஆட்டம் முன்னைவிட வீரியமாக இருந்ததாம். பின்னணிப் பாடகர் ஒருவர் வேண்டும் என்ற தேவை ஒன்ஸ்மோரிலிருந்து பிறந்திருக்கிறது! டி.எம்.எஸ். குரலுக்குச் சிவாஜி வாயசைத்ததைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது எவ்வளவு நெருக்கமான கதை.

இன்னும் உள்ளே போனால் கிரேக்கர்களின் ஒப்பனை அறை. அங்கே நடிகருக்குப் பெயர் ‘ஹிபோக்ரிதேஸ்’. பதில் சொல்கிறவர், விளக்கிச் சொல்கிறவர் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். கூட்டமாகப் பாடுகிற கோரஸிலிருந்து தனியே விலகி நின்று அதோடு பேசுகிற ஆள். இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ‘ஹிப்போக்ரிட்’ ஆகிவிட்டது. உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசுகிறவன்! நடிகருக்கு இருந்த கௌரவமான பெயர் இப்படி வேஷதாரிக்கு வசவாகிவிட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நடிப்பென்றால் பொய்தானே என்ற சந்தேகம் கிரேக்க நாடகத்தின் முதல் நாளிலிருந்தே இருந்தது. கோரஸிலிருந்து பிரிந்து முதன்முதலில் தனிப் பாத்திரமாகப் பேசியவர் தெஸ்பிஸ் என்பது மரபு. கி.மு. 534 வாக்கில் ஏதென்ஸில் அவர் நாடகம் போட்டதாகக் கணக்கு. ஆங்கிலத்தில் நடிகர்களை இன்றைக்கும் ‘தெஸ்பியன்’ என்று கொஞ்சம் பந்தாவாகக் குறிப்பிடுவது அவர் பெயரால்தான். அவருடைய நாடகத்தைச் சட்டமேதை சோலோன் பார்க்க வந்தார் என்று புளூட்டார்க் எழுதுகிறார். முடிந்ததும் தெஸ்பிஸைக் கூப்பிட்டு, இத்தனை பேர் முன்னால் இவ்வளவு பொய் சொல்ல வெட்கமாக இல்லையா என்று கேட்டாராம். விளையாட்டுக்குத்தானே என்றார் தெஸ்பிஸ். சோலோன் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார். இன்றைக்கு விளையாட்டில் இதைக் கொண்டாடினால் நாளைக்கு நம் ஒப்பந்தங்களிலும் இது வந்து உட்கார்ந்துவிடும் என்றார்.

சோலோனுக்குப் பதில் சொல்ல எனக்கு ஓர் ஆள் தெரியும். பெயர் போலுஸ். பெரிய சோக நடிகர். சோஃபோக்ளிஸின் எலெக்ட்ரா நாடகத்தில் எலெக்ட்ரா வேஷம் அவருக்கு. (கிரேக்க மேடையில் பெண் வேஷமெல்லாம் ஆண்கள்தான் கட்டுவார்கள்.) தம்பி ஓரெஸ்டிஸின் அஸ்தி என்று நம்பி ஒரு கலசத்தை அணைத்துக்கொண்டு எலெக்ட்ரா அழுகிற கட்டம் அதில் உண்டு. போலுஸின் சொந்த மகன் கொஞ்ச காலத்துக்கு முன்னால் இறந்துபோயிருந்தான். துக்கம் கழிந்து மேடைக்குத் திரும்பிய போலுஸ், மகனுடைய அஸ்திக் கலசத்தைக் கல்லறையிலிருந்து எடுத்துவந்தார். அதைத்தான் அந்தக் கட்டத்தில் அணைத்துக்கொண்டு அழுதார். ரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். இதில் எது பொய், சோலோன்? முகமூடி பெண்ணுடையது, வசனம் சோஃபோக்ளிஸுடையது, கண்ணீர் ஒரு தகப்பனுடையது. மேடையில் ஒரு காரியம் நிஜமாக நடந்தது. நடிகரை ‘செய்கிறவர்’ என்று லத்தீன்காரர்கள் அழைத்தது எவ்வளவு சரி!

அதே கிரேக்க மேடையில் சந்தோஷமான கூத்துக்கும் குறைவில்லை. தியோடோரஸ் என்ற நடிகர், தனக்கு முன்னால் எவரும், சின்ன வேஷக்காரர்கூட, மேடையில் என்ட்ரி கொடுக்கக் கூடாது என்று அடம்பிடிப்பாராம். ஜனங்கள் முதலில் கேட்கிற குரலோடு ஒட்டிக்கொள்வார்கள் என்பது அவர் கணக்கு. அரிஸ்டாட்டில் அதை ஒப்புக்கொண்டு அரசியல் நூலிலேயே குறித்திருக்கிறார். நம் ஊர் கதாநாயகர்களின் ஓப்பனிங் சீனுக்கு இத்தனை பழைய சாட்சி இருக்கிறது!

பாவம் ஹெகெலோக்கஸ். கி.மு. 408-இல் யூரிப்பிடிஸின் ஓரெஸ்டிஸ் நாடகத்தில் முக்கிய வேஷம். புயலுக்குப் பிறகு கடலில் அமைதியைக் காண்கிறேன் என்று உருக்கமாகச் சொல்ல வேண்டிய இடம். ‘கலேன்’ என்ற சொல்லில் ஸ்வரம் ஒரு நூல் தப்பிவிட்டது. அமைதிக்குப் பதில், கீரி போன்ற ஒரு பிராணியைக் காண்கிறேன் என்று ஆகிவிட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் உட்கார்ந்திருக்கிற அரங்கு! மூன்று வருஷம் கழித்து அரிஸ்டோஃபனிஸ் தன் ‘தவளைகள்’ நாடகத்தில் இதை வைத்துக் கேலி செய்தார். இன்னும் சில நகைச்சுவைக்காரர்களும் விடவில்லை. அந்த மனிதரைப் பற்றி இன்று உலகத்துக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட இந்த ஓர் அசைதான்.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே மேடைக்காரர்களுக்கு ஊர் வைத்திருந்த பெயர் ‘பிளேயர்’, விளையாடுகிறவர். ‘ஆக்டர்’ என்ற சொல் 14-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது, ஆனால் காரியஸ்தராக, மேற்பார்வையாளராக. மேடைக்கு அது ஏறியது 16-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில். நடுவில் பிளேயர்கள் பட்ட பாடு கொஞ்சமா?

1572-இல் எலிசபெத் மகாராணி காலத்தில் நாடோடிகளை ஒடுக்க ஒரு சட்டம் வந்தது. கரடி வித்தைக்காரர்கள், வாள்வித்தைக்காரர்கள், பாணர்கள், அவர்களோடு ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிற சாதாரண பிளேயர்கள். இவர்களுக்கு யாராவது பிரபுவின் ஆதரவு இல்லையென்றால் நாடோடி என்று பிடிக்கலாம். தண்டனை சவுக்கடி, அதோடு வலது காதின் குருத்தெலும்பில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுமார் ஓர் அங்குலச் சுற்றளவுக்கு ஓட்டை. வேஷம் கட்டியதற்குக் காதில் சூடு! அதனால்தான் ஒவ்வொரு குழுவும் ஒரு பிரபுவின் பெயரைச் சுமந்தது. லெஸ்டர் பிரபுவின் ஆட்கள், சேம்பர்லின் பிரபுவின் ஆட்கள். காகிதத்தில் அவர்கள் பிரபு வீட்டு வேலைக்காரர்கள்.

ஷேக்ஸ்பியரின் குழு 1603-இல் ராஜாவின் ஆட்களாகவே உயர்ந்தது. மறுவருஷம் முதலாம் ஜேம்ஸின் லண்டன் ஊர்வலத்துக்காக ஆளுக்கு நாலரை கெஜம் சிவப்புத் துணி கொடுத்தார்கள். அரண்மனைத் துணிக்கணக்கு ஏட்டில் நடிகர்களின் பெயர்கள் இருக்கின்றன, முதலில் ஷேக்ஸ்பியர். ‘ஹாம்லெட்’ எழுதிய கை, சட்டை தைக்க நாலரை கெஜம் துணி வாங்கிக்கொண்டு போகிற காட்சியை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அந்த ஹாம்லெட்டில் ஓர் இடம். நடிகர்கள் அரண்மனைக்கு வந்துவிட்டார்கள் என்று பொலோனியஸ் ஓடிவந்து சொல்கிறார். அவர் வாயில் ஷேக்ஸ்பியர் வைத்த சொல் பிளேயர் இல்லை, ஆக்டர். அதற்கு முன்பே அவரைச் சீண்டுவதற்காக ஹாம்லெட் இழுக்கிற பெயர் எது? ரோமாபுரி ரோசியஸ்! சிசரோவின் நண்பர், கோர்ட்டில் ரெயுஸாக நின்றவர், 16 நூற்றாண்டு தாண்டி லண்டன் மேடையில் பேர் சொல்லப்படுகிறார். அதற்கப்புறமும் அந்தப் பெயர் ஓயவில்லை. நியூயார்க்கில் பிறந்த கறுப்பினக் கலைஞர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் 1833-இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில் ஒதெல்லோவாக நின்றார். அவருக்கு ‘ஆப்பிரிக்க ரோசியஸ்’ என்றே பட்டம்.

விளையாடுகிறவர் என்ற பெயரைவிடச் செய்கிறவர் என்ற பெயர் கனமானது என்பது தொழிலில் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. தாமஸ் ஹேவுட், தானே நடிகர், 1612-இல் தன் தொழிலுக்காக வாதாடி ஒரு புத்தகம் போட்டபோது தலைப்பில் ‘ஆக்டர்ஸ்’ என்று வைத்தார். 1623-இல் ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அவருடைய மேடைத் தோழர்கள் பெரிய தொகுப்பாக அச்சிட்டார்கள் அல்லவா? அதன் முன்பக்கங்களில் 26 பேரின் பட்டியல். தலைப்பில் பிளேயர் இல்லை; முதன்மையான ஆக்டர்கள் என்று போட்டிருக்கிறது. முதல் பெயர் ஷேக்ஸ்பியருடையது. காதில் சூடு வைக்கச் சட்டம் போட்டு அப்போது 51 வருஷம்தான் ஆகியிருந்தது.

அந்த 26 பேரும் ஆண்கள். ஜூலியட், கிளியோபாட்ரா, டெஸ்டிமோனா எல்லாருமே பையன்கள். இந்த வழக்கம் முடிவுக்கு வந்த கதையைக் கேட்டால் சொக்கிப்போவீர்கள். 1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியதும், பூட்டிக் கிடந்த நாடகக் கொட்டகைகள் திறந்தன. எட்வர்ட் கினாஸ்டன் என்ற இளைஞர் பெண் வேஷத்தில் கொடிகட்டிப் பறந்தார். நாட்குறிப்புப் புகழ் சாமுவேல் பெப்பிஸ் அந்த ஆகஸ்டில் அவரைப் பார்த்துவிட்டு, தன் வாழ்நாளில் பார்த்த பெண்களிலேயே இவர்தான் ஆக அழகு என்கிற தோரணையில் எழுதிவைத்தார். ஒருநாள் ராஜா வந்து உட்கார்ந்தும் நாடகம் தொடங்கவில்லை. ஏன் தாமதம் என்று ஆள் அனுப்பினார். கொட்டகைக்காரர் வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னார்: ராணிக்கு இன்னும் சவரம் முடியவில்லை! ராஜா அந்தச் சாக்கை ரசித்து ஏற்றுக்கொண்டார் என்று நடிகர் காலி சிப்பர் தன் சுயசரிதையில் எழுதுகிறார்.

அதே வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி லண்டன் வெர் தெருக் கொட்டகையில் ‘ஒதெல்லோ’. டெஸ்டிமோனாவாக ஒரு பெண்ணே நின்றார். அவர் மார்கரெட் ஹியூஸ் என்று சொல்வோரும் உண்டு, ஆன் மார்ஷல் என்று சொல்வோரும் உண்டு. 1662-இல் பெண் வேஷத்தைப் பெண்களே கட்ட வேண்டும் என்று அரச ஆணையே வந்துவிட்டது.

இந்தப் பெண்கள் எப்படித் தயாரானார்கள் என்று எட்டிப் பார்க்க நமக்கு ஒரே வழி பெப்பிஸின் தோள்தான். 1667 அக்டோபர் 5. நடிகை நெப், பெப்பிஸின் தோழி, அவரை ராஜாவின் கொட்டகை ஒப்பனை அறைக்கு மாடியேற்றிக் கூட்டிப்போகிறார். அங்கே நெல் க்வின் பாதி அலங்காரத்தில். இதே கொட்டகையில் ஆரஞ்சு விற்றுக்கொண்டிருந்த பெண், இப்போது நட்சத்திரம். நினைத்ததைவிட அழகு என்று பெப்பிஸ் சொக்குகிறார். பிறகு படுதாக்கள் வைத்திருக்கிற அறைக்குப் போகிறார்கள். நெப் பழம் கொடுக்கிறார். நெப்பின் பாட ஏட்டைப் பெப்பிஸ் கையில் பிடித்துக்கொண்டு, எதிராளியின் வரிகளைப் படிக்க, நெப் தன் வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறார். கடற்படை அலுவலகத்துப் பெரிய அதிகாரி அன்று ப்ராம்ப்டர்! இரண்டு பெண்களும் முகத்தில் அப்பியிருக்கிற சாயத்தைக் கிட்டத்தில் பார்த்து அவர் அரண்டுபோகிறார். கீழே தரை வகுப்பில் கூட்டம் குறைவு என்று தெரிந்ததும் நெல் விட்ட வசவையும் ரசித்து எழுதிவைக்கிறார். கலெக்‌ஷன் கவலை! முந்நூற்றைம்பது வருஷம் தாண்டியும் சாயத்தின் வாசனையும் ஆரஞ்சுத் தோலின் வாசனையும் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்துவருகிறது எனக்கு.

நடிகரை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கௌரவிக்க இன்னும் இரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1895-இல் ஹென்றி இர்விங்குக்கு ‘சர்’ பட்டம். நடிப்புக்காக இந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர். அவருடைய லைசியம் அரங்கின் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர் யார் தெரியுமா? டிராகுலா கதை எழுதிய பிராம் ஸ்டோக்கர்! அவர் பதவியின் பெயர் இன்னும் அழகு: ‘ஆக்டிங் மேனேஜர்’. ரோமாபுரிக் காரியஸ்தரும் மேடை நடிகரும் ஒரே கட்டடத்தில், ஒரே சொல்லின் இரண்டு முகங்களாக.

இப்போதும் அந்தப் பழைய பொருள்கள் சாகவில்லை. சைபர் பாதுகாப்புக்காரர்கள் ‘பேட் ஆக்டர்’ என்றால் ஹேக்கரைச் சொல்கிறார்கள். நடிக்கத் தெரியாதவரை இல்லை. இன்னொரு பக்கம், ஆக்ட்ரஸ் என்ற தனிப்பெயரே எதற்கு என்று பல நடிகைகள் தங்களை ஆக்டர் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஹாலிவுட் நடிகர் சங்கம் 1995-இலிருந்து கொடுக்கிற விருதில் ‘ஃபீமேல் ஆக்டர்’ என்றுதான் பிரிவு. சிலையின் பெயரே ‘தி ஆக்டர்’. எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. செய்கிறவரில் ஆண் என்ன, பெண் என்ன? நம் நடிகர் சங்கமும் அந்த ஒரே பெயருக்குள் இருபாலாரையும் வைத்துக்கொண்டுதானே இருக்கிறது.

நெப்பின் பாட ஏட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனே, அதுதான் இந்தக் கிரீன் ரூமில் எனக்கு ஆகப் பிடித்த பொருள். ஷேக்ஸ்பியர் காலத்தில் நடிகருக்கு முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்கள். கையால் எழுத வேண்டும், செலவு. வேறு குழு திருடிவிடும் என்ற பயமும் உண்டு. அவரவர் வசனத்தை மட்டும் நீளமான காகிதத்தில் எழுதி, ஒட்டி, சுருட்டிக் கொடுப்பார்கள். நாடகத்தில் அவருடைய பங்கு அது; ஆகவே ‘பார்ட்’. அந்தச் சுருளுக்குப் பிரெஞ்சில் வழங்கிய பெயர்தான் ‘ரோல்’. என்ன ரோல் பண்ணுகிறீர்கள் என்று நாம் கேட்பதெல்லாம் அந்தக் காகிதச் சுருளைத்தான்! எதிராளி பேசி முடிக்கிற கடைசி இரண்டு மூன்று சொற்கள் மட்டும் ஒரு கோட்டுக்கு அப்பால் குறிக்கப்பட்டிருக்கும். யார் பேசுவார், எவ்வளவு நேரம் பேசுவார் என்பதுகூட அதில் இருக்காது. அந்தச் சொல் காதில் விழுகிறவரைக்கும் மேடையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்த ‘பார்ட்’ கப்பலேறி நம் ஊர்க் கொட்டகைகளுக்கு வந்தபோது என்ன அமர்க்களம்! ராஜபார்ட், ஸ்திரீபார்ட், கள்ளபார்ட், கூடவே ஆங்கிலத்து ‘பஃபூன்’ தமிழில் ‘பபூன்’. கன்னத்தை உப்பிக் காட்டுகிற இத்தாலியக் கோமாளியின் பெயர் அது. மதுரை, புதுக்கோட்டைத் திருவிழா மேடைகளில் விடிய விடியச் சிரிக்கவைத்தது. ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவார். ஒத்திகை கிடையாது. மேடையிலேதான் சந்திப்பு. வள்ளி திருமணமா, அவரவர் பாடம் அவரவர் நெஞ்சில். எலிசபெத் காலத்து லண்டன் நடிகர் ஒருவரைக் கொண்டுவந்து அந்தக் கொட்டகை ஒப்பனை அறையில் விட்டால், பாஷை புரியாவிட்டாலும் வேலை புரிந்துவிடும் என்று அடித்துச் சொல்வேன். கினாஸ்டனைப் போல டி.கே. சண்முகம் பெண் வேஷம் கட்டினார், ஔவையாராகவே நிலைத்து ‘ஔவை சண்முகம்’ ஆனார். அதற்கு நேர்மாறாக, கே.பி. சுந்தராம்பாள் ஆண் வேஷத்தில் ராஜபார்ட்டாக நின்று, 1935-இல் சினிமாவில் நந்தனாராகவே வந்தார்.

லண்டன் டல்லிச் கல்லூரியில் ஷேக்ஸ்பியர் காலத்துப் பார்ட் சுருள் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது. எட்வர்ட் ஆலின் என்ற நட்சத்திர நடிகர் ‘ஓர்லாண்டோ ஃபியூரியோசோ’ என்ற நாடகத்துக்காகக் கையில் வைத்திருந்த பார்ட். அந்தக் காலத்துத் தொழில்முறை ஆங்கில மேடையிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரே பார்ட் அதுதான். எழுத்தர் படிக்க முடியாமல் விட்ட சொற்களை ஆலினே தன் கையால் திருத்தியும் நிரப்பியும் வைத்திருக்கிறார். அதைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். இன்று ராத்திரியே திறந்து, பெரிதாக்கி, ஆலினின் பேனா எங்கெங்கே நுழைந்திருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.